கழிவு

சுன்னாகம் சந்தையில்
நூறு கிலோ வெங்காயம் இறக்கினால்
பத்துக் கிலோ கழிவு.
ஏன் என்று கேட்டால்
நடைமுறை என்பார்கள்.
நடைமுறையை நிறுக்கத் தராசு இல்லை.

பெரியத்தான் சொன்னார்:
"அப்புக்காத்தரிட்ட நேர போகேலாது பிள்ளை.
முதல் ஒரு பிரக்கிராசியைப் பிடி.
நீ அவருக்குச் சொல்ல,
அவர் வடிவா எழுதி அப்புக்காத்தருக்குச் சொல்ல,
அப்புக்காத்தர் நீதிபதிக்குச் சொல்லுவார்."
மூன்று கை மாறி
என் பத்து வருசம் போய்ச் சேரும்போது
எவ்வளவு மிஞ்சும் என்று
மனதுக்குள் நிறுத்துப் பார்த்தேன்.

கலியாணமும் அப்படித்தான் வந்தது.
அச்சுவேலித் தரகர் மாமிக்குச் சொல்ல,
மாமி அப்பாவுக்குச் சொல்ல,
சாதகம் சாதகத்தோடு கதைத்தது.
நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது
கூறையின் கரை நிறத்தைப் பற்றி மட்டும்.

பிறகு ஏஜென்சிக்காரன்.
பிறகு தொலைபேசியில் அவருடைய தமக்கை:
"தம்பி வேலையில நிக்கிறான், நான் சொல்லிவிடுறன்."
ஐந்து வருசம் சொல்லிவிட்டா.
பாசல் நகரத்தில் அவருக்கொரு பெட்டைப்பிள்ளை,
வயது மூன்று.
அதையும் தமக்கைதான் சொன்னா,
பண்டத்தரிப்பில் மழையா என்று
கேட்ட கையோடு.

கோடு கச்சேரி ஏறாத குடும்பம்
என்று பெரியத்தான் தலையைச் சொறிய,
நான் கோட்டுக்குப் பின்னால் உள்ள
ஒடுங்கிய படிகளில் தனிய ஏறினேன்.

சட்டத்தரணி இமெல்டா ஞானமுத்து
மின்விசிறிக்குப் பயந்து
ஒவ்வொரு கோவைக்கும் ஒரு முருகைக்கல் வைத்திருந்தா.
"ஆர் அனுப்பினது?"
"ஒருத்தரும் இல்லை."
நிமிர்ந்து பார்த்தா.
"பிரக்கிராசி, அப்புக்காத்து எல்லாம்
நான் பிறக்க முன்னம் ஒழிஞ்ச சொல்லு.
புறொக்சியும் நானே போடுறன்,
நானே எழும்பிக் கதைக்கிறன்.
ஆனா இடையில ஆள் இல்லாட்டி
அந்த ஆளின்ர வேலை உங்களுக்கு."
விவாகப் பதிவு, சீதன உறுதி, அவருடைய விலாசம்,
எல்லாத்துக்கும் திகதி.
"ஒண்டையும் எனக்காக வடிவாக்க வேண்டாம்."

அங்கேதான் இடறினேன்.
கோயில் வீதிக்கு ஒரு கதை,
மகனின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கதை,
எல்லாவற்றையும் மினுக்கி மினுக்கி வைத்திருந்தேன்.
வாய் திறந்தால்
தமக்கையின் குரல்தான் வந்தது:
"அவர் வேலையில நிக்கிறார்..."

இமெல்டா எழும்பி
மின்விசிறியை நிற்பாட்டினா.

சட்டத்தில் இதற்குப் பெயர்
வன்மத்தோடு கைவிடலாம்.
"வன்மம் இல்லை மிஸ், மறதி" என்றேன்.
"மறதிக்கு விவாகரத்து இல்லை" என்றா.
"சரி, வீட்டை விட்டு வெளிக்கிட்ட திகதி?"
"வெங்காயம் கிண்டி முடிஞ்ச கிழமை."
அவ சிரிக்கவில்லை.
தாளில் பென்சிலால் வெறும் கோடு ஒன்று இழுத்தா.
"இந்தக் கோட்டில ஒரு நாள் வந்து இருக்கவேணும்."

இரவு
உரப்பைக்குள் கிடந்த கணக்குக் கொப்பியைக் கிளறினேன்.
ஓரம் முழுக்கக் கரப்பான் அரித்திருந்தது.
ஓகஸ்ட் பத்தொன்பது, புதன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு கிலோ.
கழிவு முப்பத்தொன்று.
கிலோ எழுபத்தெட்டு ரூபா.
கீழே, அதே மையில், என் எழுத்து:
இவருக்கு, கொழும்பு வான் கூலியும் கைச்செலவும்.
மீதி என்ற இடத்தில்
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

விடிய இமெல்டாவுக்கு நேரே எடுத்தேன்.
மாதம், திகதி, கிழமை.
கிலோக் கணக்கும் சேர்ந்து வந்துவிட்டது,
நிற்பாட்ட முடியவில்லை.
"கழிவையும் சொல்லவோ?"
"சொல்லுங்கோ," என்றா,
"ஆனா மெதுவா. எழுதுறன்."